மொரிஸ் மைனரின் முழங்கால்கள்

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் வீதி, முப்பது கிலோமீற்றர்கூட வராத தூரத்துக்குள் ஏறக்குறைய எண்ணூறு மீற்றர் ஏறிவிடுகிறது. அடிவாரத்தில் வெக்கை. மேலே, கடல் மட்டத்திலிருந்து 1041 மீற்றரில், ஸ்வெட்டர் தேடும் குளிர். இடையில் இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டிய வளைவுகளில் ஸ்டியரிங்கை நன்றாக வெட்டித்தான் திருப்ப வேண்டும். அப்படி வெட்டும்போது வண்டியின் பாரம் வெளிப்பக்கத்து முன்சில்லின் மேல் போய் உட்காருகிறது. பழைய மொரிஸ் மைனர் ஒன்றில் அந்தச் சில்லை உடம்போடு பிணைத்து வைத்திருப்பது, பெருவிரல் மொத்தத்தில் மரை வெட்டிய ஓர் உருக்குத் தண்டு. அந்த மரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது வெளியே தெரியாது.

மரை முற்றாகத் தேய்ந்துபோனால் தண்டு தன் கூட்டிலிருந்து கழன்று வரும். சில்லு மட்கார்டுக்குள் மடியும், வண்டி ஒரு பக்கமாக முழந்தாளிட்டு நிற்கும். பெரும்பாலும் இது மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது நடப்பதால் பலர் தப்பிவிடுகிறார்கள். கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் கூடித் தூக்கி ஓரமாக வைப்பார்கள். ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் வீதியில் நடந்தால் தூக்கிவிட அங்கே யார் இருப்பார்கள்?

ஆகவேதான் பதுளையிலும் பண்டாரவளையிலும் பழைய கார் ஒன்றை வாங்குபவருக்கு, அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் காட்டுவது வண்டியின் அடிவயிறாக இருக்கிறது. வாங்குபவரின் கண்ணோ பெயின்றில் நிற்கும். பழைய கார் மேல் ஆசை கொண்டவர்கள் நிறத்துக்கும் சீற்றுக்கும் நிக்கல் பூச்சுக்கும் முதலில் காசை இறைத்துவிட்டு, ‘முன்பக்க வேலை’யை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவது வழக்கம். மலைநாட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியே வந்தது. அதை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ், இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். பின்னாளில் ‘மினி’ காரைத் தந்தவரும் இவர்தான். மாதிரி வண்டி தயாரான பிறகு, பார்வைக்கு ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நடுவால் இரண்டாக அறுத்து, நாலு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டாராம். பொனட்டின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டை, கடைசி நேரத்தில் சேர்த்த நாலு அங்குலத்தின் அடையாளம். கம்பனியை நிறுவிய நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டியின் உருவம் பிடிக்கவில்லை. ஓட்டை உடைத்து நீரில் வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறதென்றார். சனத்துக்குப் பிடித்தது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் உருண்டு வந்தது. ஒரே வகைக் கார் பத்து இலட்சத்தைத் தொட்டது பிரித்தானியாவில் அதுவே முதல் தடவை. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தக் கணக்கு 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

நஃபீல்டுக்குப் பிடிக்காத அந்த உடம்புக்குக் கீழே இருந்ததுதான் இசிகோனிஸின் உண்மையான கெட்டித்தனம். அந்தக் காலத்துச் சிறிய கார்களில் முன் இரண்டு சில்லுகளும் ஒரே அச்சில் கோர்க்கப்பட்டு, மாட்டு வண்டியைப் போல ஒன்று குழியில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து சரிவது சாதாரணம். மைனரில் ஒவ்வொரு முன்சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்கும். அதற்கு அவர் சுருள் வில்லையோ தட்டுத் தட்டாக அடுக்கிய பட்டை வில்லையோ போடவில்லை. வண்டியின் இரு பக்கத்திலும், தரைக்குக் கீழே, முன்னிருந்து பின்னாக நீளும் ஒவ்வோர் உருக்குக் கம்பியை வைத்தார். ‘டோர்ஷன் பார்’ என்று கராஜில் சொல்லப்படும் அதைத் தமிழில் முறுக்குக் கம்பி என்றால் வேலையும் பெயரிலேயே வந்துவிடும்.

ஈரத்துணியைப் பிழிவதை நினைத்துக்கொள்ளலாம். ஒரு நுனியை ஒருவர் அசையாமல் பிடித்திருக்க, மற்ற நுனியை இன்னொருவர் திருகுகிறார். கையைச் சற்றுத் தளர்த்தினால் துணி தானாகவே திரும்பி அவிழப் பார்க்கும். முறுக்குக் கம்பியின் பின் நுனி, முன் சீற்றுகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தில் அசையாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. முன் நுனி, சில்லைத் தாங்கும் கீழ்க் கையோடு பிணைந்திருக்கிறது. சில்லு கல்லில் ஏறினால் கீழ்க் கை மேலெழும், கம்பி முறுகும். கல் கடந்ததும் கம்பி தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில்லைக் கீழே தள்ளும்.

மேல் பக்கத்தில் இன்னொரு கை இருக்கிறது. அது தனிக் கை இல்லை, ஷொக் அப்சோபரின் கையே அதுதான். இன்றைய கார்களில் நீட்டுக் குழாயாக இருக்கும் ஷொக் அப்சோபர், மைனரில் எண்ணெய் நிரப்பிய ஒரு சிறிய இரும்புப் பெட்டி. நாலு போல்ட்டுகளால் உடம்போடு இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் கை ஆடும்போது உள்ளே எண்ணெய் ஒடுக்கமான வாய்கள் வழியே நெருக்கிக்கொண்டு ஓடி ஆட்டத்தை அடக்கும். மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் நடுவே செங்குத்தாக நிற்பது கிங் பின். அதன் இரு நுனிகளிலும் மரை. அந்த மரைகளில் மேலொன்றும் கீழொன்றுமாகப் பூண்டிருக்கும் இரும்புக் கூடுகளுக்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கிங் பின் இந்தக் கூடுகளுக்குள் மரையோடு மரையாகத் திரும்புகிறது. வண்டியின் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, நாளுக்கு நூறு தடவை.

முழங்கால் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது! முழங்காலுக்கு உள்ளது போலவே இதற்கும் ஒரு பசை தேவை. மேலே ஒன்று, கீழே ஒன்று என ஒரு பக்கத்துக்கு இரண்டு கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. ஆரம்ப கால வண்டிகளின் கைநூல், ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்கச் சொன்னது. எண்ணெய் மாற்றாவிட்டால் எஞ்சின் உறுமியோ புகைத்தோ சொல்லிவிடும். கிரீஸ் அடிக்காவிட்டால் கிங் பின் ஒன்றும் சொல்லாது.

இலங்கைக்கு மைனர்கள் வந்த காலம் இந்தத் தீவு இங்கிலாந்துச் சாமானிலேயே வாழ்ந்த காலம். மலைநாட்டில் முதலில் அவை தோட்டத்துத் துரைமாரிடமும் டொக்டர்மாரிடமும் கடை முதலாளிகளிடமும் இருந்தன. எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால் மொரிஸும் ஒஸ்டினும் ஹில்மனும் நின்ற காலம் அது. தோட்டத்து மக்களுக்குக் கார் என்பது தூசியைக் கிளப்பிக்கொண்டு தேயிலை மலையைச் சுற்றிப் போகும் ஒரு சத்தம் மட்டுமே. 1957ஆம் ஆண்டு தொடங்கி வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து ஏறியதும், அடுத்த வருஷம் அதை எதிர்த்துத் தமிழர் நடத்திய போராட்டமும் தமிழ் வாசகர் அறிந்தவை. இன்றும் ஒரு மைனர் எந்தக் காலத்தில் பதிவானது என்பதைப் பழகிய கண், அதன் தகட்டைப் பார்த்தே மதிப்பிட்டுவிடும்.

1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1970களில் இன்னும் மோசமானது. புதிய கார் வர வழியில்லாத நாட்டில் பழைய கார் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. துரைமார் கப்பலேறினார்கள். 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்குப் போயின. குதிரை லாயங்கள் இருந்த இடத்தில் நின்ற கார்கள் புதிய ஆட்களிடம் வந்தன. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தபோது மைனருக்கு மதிப்பு இறங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில், இருக்கும் வண்டியைக் காப்பாற்றி ஓட்டும் வித்தைக்கு மறுபடி ஆள் தேட வேண்டி வந்தது.

வடக்கில் இதே வித்தை இன்னொரு முகத்தோடு வளர்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒஸ்டின் ஏ40களும் மைனர்களும் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியதை அந்தத் தலைமுறை மறக்காது. அங்கே சோதனை எஞ்சினுக்கு. தரை சமம், ஏற்றமென்று ஒன்றில்லை. பதுளையும் எல்லவும் உள்ள ஊவாவில் பெற்றோல் கிடைத்தது, எஞ்சினும் ஓடியது. சோதனை சில்லுக்கும் பிரேக்குக்கும் வந்தது.

ஊவாவின் வீதிகளைப் பற்றிப் பேசினால் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் நினைவுக்கு வருகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்ற கொடிய பெயர் அவருக்கு உண்டு. பதுளையின் அரசாங்க அதிகாரியாக இருந்து இந்த மலைகளில் வீதி போடுவித்தவரும் அவரே. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. அவர் காலத்து வீதிகள் குதிரைக்கும் மாட்டு வண்டிக்கும் போட்டவை. மாடு மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமென்றால் வீதி மலையை வளைத்து வளைத்துத்தான் போக வேண்டும். பின்னால் வந்த கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குள் தமிழ்த் தொழிலாளர் வெட்டிய பாதைகள் அதைவிடவும் ஒடுங்கியவை. பசறையிலிருந்து லுணுகலைக்கும், மடுல்சீமைக்கும், நமுனுகுலைக்கும் போகிறவருக்கு அந்த வளைவுகளின் வயசு இடுப்பில் தெரியும். தோட்டத்துப் பாதையோ கருங்கல் அடுக்கிய தடம். மழை மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகு கல் மட்டும் பல்லாக நிற்கும்.

இதே பாதைகளில் ஓடிய லான்ட் ரோவர் மைனரோடு ஒரே ஆண்டில், 1948இல், பிறந்தது. முன்னும் பின்னும் பாரமான அச்சும் பட்டை வில்லும் கொண்டு, உலுக்கிப் போட்டாலும் உடையாத முரட்டு அமைப்பு அது. மைனர் அப்படிப்பட்டதில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தார் வீதியில் ஆசிரியரும் தாதியும் ஓட்டுவதற்குப் போட்ட கணக்கை, தம்பேதன்னைக்கும் பூனாகலைக்கும் போகும் பாதையில் ஓட்டியது மலைநாடு. அது ஓடியதே பெரிய விஷயம்.

காலநிலையும் தன் பங்கைச் செய்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்கு மழை பதுளைப் பக்கத்தை நனைக்கும். சிவப்புச் சேறு சில்லின் உட்பக்கத்தில் அப்பி, ட்ரனியனின் வாயில் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் உள்ளேயும் போகும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடும் வாசத்தைக் கொடுப்பது அந்தக் காற்றுத்தான். தேயிலைக்கு வாசம் தரும் அதே காற்று மைனரின் மூட்டுக்குத் தூசியைத் தருகிறது. பழைய கிரீஸும் மெல்லிய மணலும் கலந்தால் கிடைப்பது மசகு என்று சொல்லத் தக்கதில்லை, சாணை பிடிக்கும் மா. கிங் பின்னின் மரையை அந்த மா இரவு பகலாக அரைக்கும்.

‘முன்னுக்கு ஏதோ அடிக்குது’ என்றுதான் கராஜுக்கு வருபவர்கள் சொல்வது. எது அடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. அதற்குக் கருவி வேண்டாம், இரண்டு ஆள் போதும். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லின் உச்சியையும் அடியையும் இரண்டு கையால் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் உள்ளே இருக்கிறவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சில்லின் பெயாரிங்கில். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின்னிலோ ட்ரனியனிலோ புஷ்களிலோ இருக்கிறது. அடுத்து, டயருக்குக் கீழே கடப்பாரையை விட்டு நெம்பி மேலும் கீழும் பார்க்க வேண்டும். சில்லு நேராக மேலெழுந்து ‘டக்’ என்று விழுந்தால் மரை தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை அன்றைக்கே ஓட்டத்திலிருந்து நிறுத்த வேண்டும், ஊருக்குப் போய் வந்து பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

பிரிக்கும் வேலையில் அவசரக்காரருக்கு இடமில்லை. முறுக்குக் கம்பிக்குள் வண்டியின் பாரத்தைத் தூக்கும் பலம் அடைந்து கிடக்கிறது. கீழ்க் கைக்கு அடியில் ஜக்கை வைத்துப் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகே மேல் ட்ரனியனைக் கழற்ற வேண்டும். கழற்றியபின் ஜக்கை நூல் நூலாக இறக்கினால் கீழ்க் கை தானாகத் தொங்கி, கம்பியின் முறுக்கு அவிழும். ஜக் இல்லாமல் போல்ட்டைத் தட்டிக் கழற்றினால் கீழ்க் கை அடித்துக்கொண்டு இறங்கும். அதன் வழியில் கையோ காலோ இருந்தால் எலும்பு மிஞ்சாது. வண்டியின் உடம்பு ஜக்கின் மேல் மட்டும் நிற்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கீழே குற்றியோ ஸ்டாண்டோ கட்டாயம். செங்கல்லை அடுக்கி வைப்பது மலைநாட்டில் பார்க்கக் கிடைக்கும் ஆபத்தான பழக்கம். பாரத்தில் செங்கல் எச்சரிக்காமல் பிளக்கும்.

ஐம்பது வருஷத் துரு பிடித்த நட்டுகள் சொன்னபடி வராது. இரண்டு நாளைக்கு முன்பே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. மைனரின் நட்டுகள் அங்குல அளவில் வெட்டியவை. ஜப்பான் கார்களோடு வளர்ந்த இன்றைய கராஜ்களின் ஸ்பேனர் பெட்டி முழுதும் மில்லிமீற்றர் அளவு. ‘ஏறக்குறைய பொருந்துது’ என்று ஒரு ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கி, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்பா காலத்து அங்குல ஸ்பேனர் செட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போவதில் இருக்கும் லாபம் இதுதான்.

மைனரின் கீழ்க் கை, முன் பாதி பின் பாதி என்று இரண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் சேர்த்தது. முன் பாதியைக் கழற்றினால் ட்ரனியன் வெளியே வரும். அங்கிருந்து வண்டியின் மூக்குப் பக்கமாக ஓடும் ஒரு மெல்லிய இழுவைக் கம்பி, பிரேக் போடும்போது கீழ்க் கை பின்னால் இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். அதன் நுனியில் இருக்கும் ரப்பர்கள் நைந்திருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பலர் அதைப் பிரேக்கின் குற்றமென்று நினைத்து பிரேக் ஷூவை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் மேசைக்கு வந்து, மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்த பிறகுதான் உண்மை தெரியும். நல்ல கிங் பின்னின் மரை தட்டையான முடியோடு, ஒரே சீராக இருக்கும். தேய்ந்ததில் மரை கத்தி முனையாகக் கூர்ந்திருக்கும், அதுவும் வண்டியின் பாரம் விழும் பக்கத்தில் மட்டும். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் கிங் பின் வேறு வேறு, மாற்றிப் போடக் கூடாது. தேய்ந்த பின்னுக்குப் புது ட்ரனியன் போடுவது காசை வீணாக்கும் வேலை, கொஞ்சக் காலத்தில் புதியதும் பழையதைப் போலாகிவிடும். இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும்.

சாமான் கிடைக்காத காலத்தில் தேய்ந்த மரையை வெல்டிங்கால் நிரப்பி, லேத் மெஷினில் மறுபடி வெட்டி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்து நெருக்கடியில் அவர்கள் காட்டிய கைவன்மையை மதிக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு அந்த வழியில் போகக் கூடாது. வெல்டிங்கின் சூட்டில் உருக்கின் குணம் மாறி, எந்த இடத்தில் நெகிழ்வாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஒரு பிடியையோ கதவுக் கீலையோ அப்படிச் செய்யலாம். குடும்பத்தின் உயிர் தொங்கும் தண்டை அப்படிச் செய்வது தகாது.

முறுக்குக் கம்பியைக் கையாள்வதிலும் இதே கவனம் வேண்டும். அதன் மேல் பூச்சைச் சுரண்டவோ உளியால் அடையாளம் வெட்டவோ கூடாது. சின்னக் கீறல் ஒன்றிலிருந்துதான் வெடிப்பு ஊரத் தொடங்கும். நெருப்புக் காட்டவே கூடாது. எந்தக் கம்பி எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பெயின்றால் குறித்து வைக்க வேண்டும். ஒரு பக்கமாகவே முறுகிப் பழகிய கம்பியை மற்றப் பக்கத்துக்கு மாற்றினால் எதிர்த் திசையில் முறுகி, உடையும் நாள் கிட்ட வரும். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம். தனியாகவே ஓட்டித் திரிந்த மைனரில் ஓட்டுநர் இருந்த பக்கம் சற்றுத் தாழ்ந்து போயிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். கம்பியின் பின் நுனியில் இருக்கும் பல துளைத் தகட்டில் ஒரு துளை மாற்றிப் பூட்டினால் அந்தத் தாழ்வைச் சரிசெய்யலாம். இசிகோனிஸ் அதற்கும் இடம் விட்டிருந்தார். அதே வேளை, கம்பி பூட்டியிருக்கும் குறுக்குச் சட்டம் துருப்பிடித்து உளுத்திருந்தால் மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அந்தத் தகரத்தை வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் வைக்க வேண்டும். உளுத்த விட்டத்தில் ஊஞ்சல் கட்ட முடியாது.

ஷொக் அப்சோபரைச் சோதிக்க, கழற்றிய கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாலே போதும். முழு வீச்சிலும் ஒரே மாதிரித் தடுத்துக்கொண்டு நகர வேண்டும். இடையில் வெறுமையாக விழுந்தால் எண்ணெய் இல்லை, அல்லது உள்ளே வால்வு போய்விட்டது. தண்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து தூசி கட்டியாக ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. அதற்கென்று சொன்ன மெல்லிய எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். கைக்குக் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றினால் சீலின் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

புஷ்களைப் பொறுத்தவரை இலங்கைக்கு ஒரு வசதி இருக்கிறது. ரப்பர் விளையும் நாடு இது. அச்சில் வார்த்த புஷ் கிடைப்பதில் கஷ்டமில்லை, தரம் பார்த்து வாங்குவதில்தான் கஷ்டம். நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்புவது மைனரின் பாரத்தைத் தாங்காது.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் என்பவர் 1976இல் மொரிஸ் மைனர்களைப் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பழைய காரை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதைவிட, நன்றாகச் செய்யப்பட்ட ஒரு காரை வாழ்நாள் முழுதும் பேணுவதே ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் ஒரு புத்தகமும் எழுதினார். உற்பத்தி நின்றுபோன காருக்குத் தகடும் சாமானும் எங்கே செய்விப்பது என்ற கேள்வி வந்தபோது, அவர் பார்வை இலங்கையில் விழுந்தது. மைனரை நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருக்கும் நாடு. தகரத்தைக் கையால் தட்டி வடிவெடுக்கும் தொழிலாளர் இருக்கும் நாடு. 1990களின் தொடக்கத்தில் ‘டியூரபிள் கார் கம்பனி’ என்ற பெயரில், மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்து ஏற்றுமதி செய்யும் தொழில் இங்கே தொடங்கியது. ஒக்ஸ்போர்டில் பிறந்த காருக்கு இலங்கையில் தட்டிய மட்கார்ட் கப்பலேறிப் போனது. துரைமார் கொண்டுவந்த வண்டியைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துச் சேர்ந்த அறிவு, துரைமாரின் ஊருக்கே விலைபோனது. தட்டுப்பாடு இந்த நாட்டுக்குத் தந்த துன்பங்களுக்கு நடுவே, இப்படி ஒரு கைத்தொழிலையும் தந்துவிட்டுப் போயிருக்கிறது. அதை அறிந்த கைகள் வயசாகிக்கொண்டு போகின்றன. பதுளையிலோ பண்டாரவளையிலோ இந்த வேலையைப் பழக வரும் பையனுக்கு, கணினியில் பிழை காட்டும் கார்களில் இதைவிட அதிகச் சம்பளம் காத்திருக்கிறது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடப்பாரையை நெம்பி ‘டக்’ சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது ஒன்று ஓய்வு பெறும்போது அந்த அறிவு எந்தக் கைநூலிலும் போய்ச் சேர்வதில்லை.

திரும்பப் பூட்டும்போது ட்ரனியனை மரையில் முழுதாக ஏற்றிவிட்டு, சற்றுத் திருப்பி விட வேண்டும். முழுதாக இறுகிய நிலையில் விட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மரை முட்டி நிற்கும். பூட்டிய பின் சில்லை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் வீல் எலைன்மென்ட். மைனரின் முன்சில்லுகள் இரண்டும் முன்னோக்கி மிகச் சிறிதே உள்நோக்க வேண்டும். சில்லுகளின் முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்குள்தான். அதைத் தவற விட்டால் புது டயர் சில மாதத்தில் ஓரம் மழுங்கிவிடும்.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது. பழகாதவர்கள் தவற விடுவதும் அதைத்தான். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜக்கில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். சில்லுகளைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, பொனட்டை நாலைந்து தடவை அழுத்தி விட்டு, அது தன் இயல்பான உயரத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். இரு பக்க மட்கார்டும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைப்பது நல்லது.

பிறகு ஓட்டம். பதுளையிலிருந்து ஹாலிஎல வரை ஏறி, தெமோதரைப் பக்கமாகத் திரும்பி எல்ல வரை போய் வந்தால் ஏற்றம், இறக்கம், வளைவு, குழி எல்லாவற்றையும் வண்டி ஒரே தடவையில் பார்த்துவிடும். ஸ்டியரிங் வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்புகிறதா, பிரேக்கில் இழுக்கிறதா, குழியில் விழுந்தால் ஒரு தடவை அமுங்கி எழுகிறதா, அல்லது ஆடிக்கொண்டே போகிறதா என்று கவனிக்க வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு வண்டி மறுபடி கராஜுக்கு வரும். சுவரில் எழுதிய உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாழ்ந்திருந்தால் துளை மாற்றுவார்கள். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லுகள் தொங்கும் நிலையில், நாலு நிப்பிளிலும் கிரீஸ் கன்னைப் பூட்டி அழுத்துவார்கள். ட்ரனியனின் ஓரத்தில் முதலில் கறுப்பாக, உருக்குப் பொடியின் மினுக்கத்தோடு கொஞ்சம் வரும். அதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினால் பழுப்பாக வரும். மூன்றாம் தடவை, உள்ளே போன நிறத்திலேயே வெளியே வரும் வரை அழுத்துவார்கள்.